தேயிலைச் சரிவில் கொயர் மாஸ்டர்

எனக்குப் பாட வராது. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. வீட்டில் நான் எதையாவது முணுமுணுக்க ஆரம்பித்தால் என் கணவர் எழுந்துபோய் மிக்ஸியைப் போடுவார். அப்படிப்பட்ட என்னைத்தான் எங்கள் பல்கலைக்கழகம் தன் பாடகர் குழுவோடு மலேசியாவுக்கு அனுப்பியது. மாணவிகள் வெளிநாடு போனால் ஒரு பெண் ஆசிரியர் துணைக்குப் போக வேண்டும் என்பது விதி. காலாவதியாகாத பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரே பெண் ஆசிரியர் நான். தாவரவியல் துறைக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பதிவாளரிடம் கேட்டேன். "கேமரன் மலையில தேயிலை இருக்கு இல்லையா மேடம்?" என்றார். அதற்கு மேல் என்ன வாதாடுவது?

குழுவுக்கு இது வெள்ளி விழா ஆண்டு. வருடம் முழுக்கக் கச்சேரி, போட்டி, மறுபடி கச்சேரி. முதல் கச்சேரி எங்கள் கலையரங்கத்தில் நடந்தது. சேர்ந்து பாடுவதன் மேன்மையைப் பற்றிச் சிறப்பு விருந்தினர் தன்னந்தனியாக வெகுநேரம் பேசியதால், சேர்ந்து பாட வந்தவர்களுக்கு அதிக நேரம் மிஞ்சவில்லை. பிறகு கோவையில் ஒரு போட்டி, ஆறுதல் பரிசு. பெங்களூரில் ஒரு போட்டி; ஆறுதலும் இல்லை. சென்னையில் நடுவர் ஒருவர் தூங்கிவிட்டதாகப் பையன்கள் சொன்னார்கள். தூங்க வைப்பதும் ஒரு திறமைதான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

குழுவைத் தொடங்கியவர், நடத்துகிறவர், அதற்குப் பாட்டெழுதி மெட்டமைக்கிறவர் எல்லாம் ஒருவரே. ஆங்கிலத் துறைப் பேராசிரியர் தேவசகாயம் சார். மாணவர்களுக்கு அவர் 'கொயர் மாஸ்டர்'. பார்வையாளர்களுக்கு அவர் ஒரு கறுப்புக் கோட்டின் முதுகு. இந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறார். "ஒரு கப்பாவது வந்துச்சுன்னா உங்களுக்கப்புறமும் குழு இருக்கட்டும் சார். இல்லேன்னா நீங்க ஒத்திகை பாக்கற அந்த ஹாலை ஸ்மார்ட் கிளாஸ் ஆக்கிடலாம்" என்று துணைவேந்தர் அவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். எங்கள் துணைவேந்தர் கோபத்தில் சொல்வதை மறுநாளே மறந்துவிடுவார். சிரித்துக்கொண்டே சொல்வதைத்தான் செய்து முடிப்பார்.

ஆகவே கேமரன் மலையில் நடந்த போட்டிதான் எங்களுக்குக் கடைசி வாய்ப்பு.

முதல் நாள் முழுக்க மலையேற்றம். எங்கள் சிறு பேருந்தை ஓட்டியவர் சூசை அண்ணன். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவர். அவருடைய அம்மாவும் அப்பாவும் கொழுந்து பறித்தவர்கள். அவர் ஸ்டியரிங் பிடித்துவிட்டார். வளைவுகள் தொடங்கியதும் தேவசகாயம் சார் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் 'ஆ' சொல்லுங்க, குரலைத் திறப்போம்" என்றார்.

கண்ணாடியில் பார்த்த சூசை அண்ணன், "சார், இந்த ரோட்டுல பாட வேணாம் லா. வாயத் தொறந்தா வேற ஏதாச்சும் வந்துடும்" என்றார். அந்த ஊர்த் தமிழில் 'லா' சும்மா வந்து ஒட்டிக்கொள்ளும்.

சார் கேட்கவில்லை. முதலில் போனவர்கள் சோப்ரானோக்கள், அதாவது உச்சக்குரல் பெண்கள். அடுத்து ஆல்ட்டோக்கள், தணிந்த குரல் பெண்கள். டெனர் பையன்கள் கொஞ்சம் தாக்குப்பிடித்தார்கள். கட்டைக்குரல் பேஸ் பையன்கள் கடைசியில் ஆழமாக வந்து சேர்ந்துகொண்டார்கள். அந்த வருடத்தில் நான்கு குரலும் அதனதன் இடத்தில் சரியாக நுழைந்தது அதுதான் முதல் தடவை. பிளாஸ்டிக் பை விநியோகம் என் பொறுப்பு. துணைக்கு வந்த ஆசிரியரின் பயன் என்ன என்பது எனக்கு அப்போது விளங்கியது.

மேலே போனதும் கியா பார்ம் என்கிற சந்தையில் நெரிசல். அங்கே ஸ்ட்ராபெரி விற்கிறார்கள். ஸ்ட்ராபெரி தீர்ந்தால் ஸ்ட்ராபெரி போன்ற தலையணை, குடை, தொப்பி, செருப்பு விற்கிறார்கள். இதையெல்லாம் வாங்குவதற்காகக் கோலாலம்பூரே காரில் ஏறி வந்து நடுரோட்டில் நின்றிருந்தது. ஊட்டியில் நாம் கேரட் விற்கிறோம். கேரட் வடிவத்தில் தலையணை விற்க இன்னும் நமக்குத் தோன்றவில்லை. நம்மை வளரும் நாடு என்று சும்மாவா சொல்கிறார்கள்?

பேருந்து நகராததால் இறங்கி ஒரு கடையில் தேநீர் குடித்தோம். தேயிலை மலைக்கு வந்து குடித்த முதல் தேநீரில் கட்டிப்பாலின் ருசி தவிர வேறெதுவும் இல்லை. இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.

எங்கள் தங்குமிடம் கோலா தெர்லாவில். கீழே காய்கறி கட்டுகிற கொட்டகை, மேலே அறைகள். கட்டிலில் படுத்தால் முட்டைக்கோஸ் வாசம் வரும், ஜன்னலைத் திறந்தால் கொஞ்சம் அதிகமாக வரும். கொட்டகைக்கும் அறைகளுக்கும் உரிமையாளர் பார்வதி அக்கா. தக்காளியைத் தரம் பிரிக்கிற அதே பார்வையால் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "என்னா டீச்சர், பிள்ளைங்கள்லாம் இப்படி வெளுத்துப் போயிருக்கு? மலை ஒத்துக்கலையா?" என்றார். கஞ்சி வைத்துக் கொடுத்தார். வெள்ளி விழாக் குழு சத்தமில்லாமல் குடித்தது.

மறுநாள் விடியும்போதே லாரிகள் பின்னோக்கி வரும் பீப் பீப் சத்தம். "அதுதான் இன்னைக்கு நமக்குச் சுருதி" என்று சார் கதவைத் தட்டி எல்லாரையும் எழுப்பினார். மனிதர் அதற்குள் குளித்து, தலை வாரி, கோட்டும் போட்டிருந்தார்.

"பசியாறிட்டுப் போங்க" என்று பார்வதி அக்கா கூப்பிட்டார். காலை உணவுக்கு அங்கே அதுதான் சொல். எவ்வளவு நல்ல சொல்! நாம் 'டிபன் பண்ணியாச்சா' என்று ஒரு பாத்திரத்தின் பெயரைச் சொல்லி விசாரிக்கிறோம். ஆனால் பசியாற வந்தது தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, மிளகாய் சம்பல். காலையிலேயே சோறா என்று முகம் சுளித்த பேஸ் பையன்கள் மூன்றாம் தடவை தட்டை நீட்டும்போதும் அதே முகத்தோடுதான் நீட்டினார்கள்.

அன்று காலை ஒத்திகை. அதற்கு முன் வெள்ளி விழா மலருக்கு ஒரு படம். தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கிற தமிழ்ப் பெண்களோடு குழு நிற்க வேண்டும் என்பது சாரின் ஆசை. தோட்டத்துக்குப் போனால் தமிழ்ப் பெண்கள் யாருமில்லை. இரண்டு இரண்டு பேராக இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு இளைஞர்கள் செடிகளுக்கு முடிவெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம ஆளுங்கள்லாம் எப்பவோ டவுனுக்குப் போயிட்டாங்க சார்" என்றார் சூசை அண்ணன். "எம் மக ஈப்போவுல பேங்குல வேல செய்யுது. இவனுங்க பங்களாதேஷ், நேப்பாள் பையனுங்க."

சாருக்கு ஏமாற்றம். தன் படத்துக்காக நாலு பேராவது கூடையோடு காத்திருந்திருக்கலாம் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

சரி, குழு மட்டும் நிற்கட்டும் என்று முடிவாயிற்று. பட்டுப்புடவையிலும் வேட்டியிலும் பிள்ளைகள் சரிவின் மேல்பக்கம் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். சார் கீழ்ப்பக்கம் பாதையோரத்தில், அவர்களைப் பார்த்து நின்றார். படம் எடுத்தாயிற்று. "அப்படியே ஒரு வீடியோவும் எடுத்துடுவோம். என்ன நடந்தாலும் நிறுத்தாதீங்க" என்று கையை உயர்த்தினார்.

போட்டிக்கான பாட்டு அவரே எழுதிய விடியல் பாட்டு. குழுவைத் தொடங்கியபோது எழுதியது. அதை அவர் நடத்துகிற வேகத்தில் சூரியன் உதித்தால் நமக்கெல்லாம் பல் தேய்க்கக்கூட நேரமிருக்காது. பாட்டு உச்சத்துக்குப் போனதும் சார் இரண்டு கையையும் விரித்து ஓர் அடி பின்னால் வைத்தார். மேடையில் எப்போதும் செய்வதுதான். மேடையில் பின்னால் தரை இருக்கும். தேயிலைச் சரிவில் இல்லை.

கோட்டு மறைந்தது. முதலில் செருப்பு ஒன்று தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. என்ன நடந்தாலும் நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பிள்ளைகள் இன்னும் இரண்டு வரி பாடிவிட்டுத்தான் ஓடிவந்தார்கள்.

செடி வரிசைகளுக்கு நடுவே இருந்த வடிகாலில் சார் கிடந்தார். கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை. முடிவெட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள் நாலு பேர் ஓடிவந்து, கொழுந்து சேர்க்கிற பெரிய படுதாவை விரித்து, அதில் அவரைப் படுக்கவைத்துத் தூக்கினார்கள். ஒருவர் மலாயில் ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று சூசை அண்ணனைக் கேட்டேன். "'பயப்படாதீங்க அப்பா'ங்கிறான் லா" என்றார்.

கொழுந்து மூட்டைகளோடு லாரியில் ஏறித்தான் சார் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போனார். அப்போதும், "பாட்டை ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் போனார்.

கணுக்காலில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டார்கள். வீக்கம் வடியும்வரை இங்கேயே இருக்கட்டும் என்றார் மருத்துவர். கட்டிலில் அவரைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோட்டில்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. அவ்வளவு ஒல்லியான மனிதர் என்று எனக்குத் தெரியாது.

"மேடம், போட்டியிலேர்ந்து விலகிக்கறோம்னு சொல்லிடுங்க" என்றார்.

"பிள்ளைங்க பாடட்டுமே சார். இவ்வளவு தூரம் வந்துட்டோம்."

"நான் இல்லாம எப்படிப் பாடுவாங்க? எந்த இடத்துல மூச்சு எடுக்கணும்னுகூட நான்தான் காட்டணும். அசிங்கப்பட்டுட்டு வர்றதுக்கு விலகறது மேல்."

"சரி சார்" என்றேன். பல்கலைக்கழகத்தில் நான் அதிகம் பயன்படுத்தும் சொல் அதுதான். அதற்குப் பல அர்த்தங்கள் உண்டு. சம்மதம் அவற்றில் ஒன்று.

வெளியே பேருந்தில் பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு சோப்ரானோ அழ ஆரம்பித்தாள். கடைசி இருக்கையிலிருந்து கயல்விழி எழுந்து வந்தாள். வேதியியலில் ஆராய்ச்சி மாணவி, ஆல்ட்டோ. ஆராய்ச்சி முடிகிற மாதிரி தெரியாததால் குழுவிலேயே மூத்தவள் ஆகிவிட்டவள்.

"சார் இல்லாமப் பாடினா என்ன மேடம் ஆகும்?"

"தோப்பீங்க."

"சார் இருந்தாலும் அதுதானே மேடம் ஆகுது?"

அவள் விடவில்லை. "ஹால் போயிடும் மேடம். எனக்குப் பரவாயில்லை, நான் எப்பவாவது முடிச்சுட்டுப் போயிடுவேன். இவங்கள்லாம் முதல் வருஷம். அந்த ஹாலுக்காகத்தான் காலேஜுக்கு வர்றவங்க பாதிப் பேரு. போட்டிக்காரங்ககிட்ட போன் பண்ணிட்டீங்களா?"

"இல்லை. மறந்துட்டேன்."

"எப்ப மேடம் மறந்தீங்க?"

"இப்பத்தான்."

இப்படியாக, பணியில் சேர்ந்ததிலிருந்து ஒரு சுற்றறிக்கையைக்கூட மீறாத நான் ஒரு பேராசிரியரின் உத்தரவை மீறினேன். நாளை அசிங்கப்பட்டால் அது என் கணக்கில்தான் வரும்.

ஒத்திகைக்கு இடமில்லை. அறையில் எல்லாரும் நிற்க முடியாது. கீழே கொட்டகையிலேயே பாடுங்கள் என்றார் பார்வதி அக்கா. ஒருபக்கம் முட்டைக்கோஸ் மலை, மறுபக்கம் செவ்வந்திக் கட்டுகள், நடுவில் எங்கள் குழு. வழக்கம்போல் வரிசையாக நின்றார்கள். எல்லார் கண்ணும் சார் நிற்கிற இடத்தையே பார்த்தது. அங்கே ஒரு தராசு நின்றிருந்தது. தொடங்கினார்கள். டெனர்கள் முன்னால் ஓட, பேஸ்கள் பின்னால் இழுக்க, சோப்ரானோக்கள் பாதியில் நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் முறைத்தார்கள். போதாக்குறைக்கு ஒரு லாரி பீப் பீப் என்று உள்ளே வந்தது.

"அடுத்தவங்க குரலே கேக்கலைன்னா எப்படிப் பாடறது?" என்று டெனர் பையன் ஒருவன் கத்தினான்.

"அப்ப பக்கத்துல வா" என்றாள் கயல்விழி.

வட்டமாக நின்றார்கள். தோளோடு தோள் இடிக்கிற அளவுக்கு நெருக்கமாக. கையாட்ட ஆளில்லாததால் ஒருவர் மூச்சை இழுக்கும் சத்தத்தைக் கேட்டு மற்றவர் இழுத்தார்கள். அதைக் கேட்பதற்காகவே மெதுவாகப் பாட வேண்டியிருந்தது. இரண்டாம் சரணத்தின் நீளமான வரி அந்த வேகத்தில் ஒரே மூச்சில் வரவில்லை. நடுவில் எல்லாரும் நிறுத்தி, மூச்செடுத்து, மறுபடி தொடங்கினார்கள். தப்பு என்று நினைத்து என்னைப் பார்த்தார்கள். என்னையே பார்க்கும் அளவுக்கு அவர்கள் நிலைமை இருந்தது.

வாசலில் உட்கார்ந்திருந்த சூசை அண்ணன், "இப்பத்தான் லா வார்த்தை வெளங்குது" என்றார். "காலையில தோட்டத்துல சார் பாட வெச்சப்ப எந்த பாஷைன்னே தெரியல." பார்வதி அக்கா தராசை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, இன்னொரு தடவை பாடச் சொன்னார்.

மூன்றாம் நாள் போட்டி. அது தானா ராத்தாவில். நாங்கள் கோலா தெர்லாவில். நடுவில் கியா பார்ம். விடுமுறை நாள் வேறு. முதல் நாள் வராத கோலாலம்பூர்க்காரர்கள் எல்லாரும் இன்று தலையணை வாங்க வந்திருந்தார்கள். முட்டைக்கோஸ் லாரி ஒன்று சாலைக்குக் குறுக்கே நின்றுபோயிருந்தது.

"எறங்கி நடங்க டீச்சர். கீழ பிரிஞ்சாங் வரைக்கும் எறக்கம்தான். நான் எப்படியும் வந்து ஏத்திக்கிறேன்" என்றார் சூசை அண்ணன்.

பட்டுப்புடவையும் வேட்டியுமாக ஸ்ட்ராபெரிக் கடைகளுக்கு நடுவே ஊர்வலம் போனோம். கல்யாணம் என்று நினைத்துப் பலர் படம் எடுத்தார்கள். ஒரு சீன அம்மாள் மலாயில் மணப்பெண் யார் என்று கேட்டு, பிள்ளைகள் முழித்ததும் தானாகவே என்னைத் தேர்ந்தெடுத்து வாழ்த்தினார். நடக்கும்போதே பிள்ளைகள் வாய்க்குள் பாட்டை முனகிக்கொண்டு வந்தார்கள். மூச்சு வாங்கியது. சிரிப்பும் வந்தது. பிரிஞ்சாங்கில் சூசை அண்ணன் ஏற்றிக்கொண்டபோது வேட்டிகளில் பாதி சேறு.

ஓர் ஓட்டலின் பெரிய கூடத்தில் போட்டி நடந்தது. மணிலாவிலிருந்து வந்த குழு உடையெல்லாம் மின்ன மின்ன நின்றது. இந்தோனேசியக் குழு பாடியது, ஆடியது, நடுநடுவே பறவைகள் போலவும் கத்தியது. அவர்களுக்கு மூச்சே வாங்கவில்லை. நான் என் மனதுக்குள் மன்னிப்புக் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் முறை வந்தது. மேடையில் அரைவட்டமாக நெருங்கி நின்றார்கள். நடுவர் ஒருவர் ஆங்கிலத்தில், "உங்களை நடத்துபவர் எங்கே?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரியில் இருக்கிறார்" என்றாள் கயல்விழி. கூடத்தில் சிலர் சிரித்துவிட்டு, அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு பாட்டு வந்தது.

அதைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. இதை மட்டும் சொல்கிறேன்: பயணம் தொடங்கியதிலிருந்து பிள்ளைகளைத் தலை எண்ணுவதே என் வேலை. அவர்கள் மேடையில் நிற்கும்போதும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டேன். இரண்டாம் சரணத்தில் அவர்கள் நிறுத்தி மூச்செடுத்தபோது கூடத்திலிருந்த எல்லாரும் சேர்ந்து எடுத்தது மாதிரி இருந்தது. எனக்குப் பக்கத்தில் சூசை அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

இரண்டாம் பரிசு எங்களுக்கு. பரிசு என்பது பழக்கமில்லாததால் பெயரைக் கூப்பிட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை. மணிலாக் குழுவினர் பிடித்துத் தள்ளிய பிறகுதான் போனார்கள். துணைவேந்தருக்குப் போன் செய்தேன். "கப் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப ஹால் இருக்கட்டும்" என்றார், சிரிக்காமல்.

அதன் பிறகுதான் எல்லாருக்கும் அது உறைத்தது. சாரிடம் சொல்ல வேண்டும். விலகச் சொன்னதை மீறியதைச் சொல்ல வேண்டும். அதைவிடக் கஷ்டம், ஜெயித்ததைச் சொல்ல வேண்டும். மருத்துவமனை வாசலில் பேருந்து நின்றதும் அதுவரை கத்திக் கூத்தாடிய பிள்ளைகள் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "மேடம், நீங்க போங்க" என்றாள் கயல்விழி. பிளாஸ்டிக் பை விநியோகத்துக்குப் பிறகு எனக்கு வந்த இரண்டாவது பொறுப்பு.

கப்பை சூசை அண்ணனிடம் விட்டுவிட்டுப் போனேன். சார் தலை வாரி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் ராஜு அண்ணன் என்று ஒருவர். பூந்தோட்டக்காரர், பித்தப்பைக் கல்லுக்காக வந்திருந்தவர். நான், "சார், ஒரு விஷயம்" என்று தயார் செய்து வைத்திருந்த முன்னுரையைத் தொடங்கினேன்.

"ரெண்டாம் சரணத்துல ஆல்ட்டோ நல்லா இருந்துச்சு" என்றார் சார்.

நான் ராஜு அண்ணனைப் பார்த்தேன். அவர் கைபேசியைத் தூக்கிக் காட்டினார். "போட்டிய நேரலையில போட்டாங்க டீச்சர். ஒங்க பிள்ளைங்களாச்சேன்னு காட்டுனேன். முடிஞ்சதும் மறுபடி போடுன்னாரு. என் டேட்டா பூரா காலி லா."

"கோபமா சார்?" என்றேன்.

"முதல் தடவை பாத்தப்ப கோபம். போனைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். இவரோட போனாச்சே." ஜன்னல் பக்கம் பார்த்தார். "அந்த மூச்சு நான் சொல்லிக்கொடுத்ததில்லை."

"இல்லை சார்."

"அவ்வளவு மெதுவா நான் விட்டதே இல்லை. சனங்க எழுந்து போயிடுவாங்கன்னு எனக்கு எப்பவுமே ஒரு பயம்." என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குச் சங்கீதம் தெரியாது. அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன். நான் இல்லாததாலதான் நல்லா இருந்துச்சா?"

என்னிடம் நல்ல பொய்கள் தயாராக இருந்தன. நடுவர்கள் இரக்கப்பட்டார்கள் என்று ஒன்று. நீங்கள் போட்ட அஸ்திவாரம் சார் என்று ஒன்று. பிரிவுபசார விழாக்களில் நான் பலமுறை பயன்படுத்தி நன்றாக வேலை செய்த பொய் அது. வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மதிப்பெண் கேட்கிற மாணவனைப் போல.

"ஆமா சார்" என்றேன்.

ராஜு அண்ணன் மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"சரி" என்றார் சார். அவர் சொன்ன சரிக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. போர்வையை இழுத்துச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் சரிசெய்தார். என்ன சொல்லித் தொலைத்தேன்! பிறகு அவரே கேட்டார். "பசங்க எங்க?"

"வெளிய பஸ்ல."

"கப்?"

"அதுவும் பஸ்லதான்."

"எதுக்கு ஒளிச்சு வெச்சிருக்கீங்க, திருட்டுப் பொருளா? எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

நர்ஸ் அனுமதித்தபடி சிலர் சிலராக வந்தார்கள். கயல்விழி கட்டிலின் கால்மாட்டில் தலை குனிந்து நின்றாள்.

"'விடியுது'ல 'டி'யை அழுத்தாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"சாரி சார்."

"நேரலையில கேட்டா அழுத்தினதுதான் நல்லா இருக்கு" என்றார் சார். அவள் உடைந்து அழுதாள். அவர் கப்பை வாங்கி, அடியில் எங்கே செய்தது என்று பார்த்துவிட்டு, ராஜு அண்ணனிடம் கொடுத்தார். அவர் அதைத் தன் ஆப்பிள்களுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கடைசி நாள் மாலை, பரிசு பெற்ற குழுக்களின் கச்சேரி. மருத்துவர் கொஞ்ச நேரத்துக்கு அனுமதி கொடுத்ததால் சாரைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனோம். கோட்டும் போட்டுக்கொண்டார். "உக்காந்துக்கிட்டே நடத்துங்க சார்" என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். கால் வலிக்கிறது என்றார். கையால்தானே நடத்துவது என்று யாரும் கேட்கவில்லை. முன்வரிசை ஓரத்தில் நாற்காலியை நிறுத்திவிட்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். அவருக்கு அந்தப் பக்கம் வேறோர் உள்ளூர் சீன அம்மாள், பேத்தியோ யாரோ பாட வந்திருப்பார்கள் போல, பெரிய பூங்கொத்தோடு.

எங்கள் பிள்ளைகள் நெருங்கி நின்றார்கள். மூச்சு. பாட்டு. சாரின் வலது கை மடியிலிருந்து கொஞ்சம் எழுந்தது. அதை யாருடைய கையோ போலப் பார்த்தார். மெதுவாக, காலை மூடியிருந்த சால்வைக்குள் செருகிக்கொண்டார். இரண்டாம் சரணத்தில் எல்லாரும் மூச்செடுத்த இடத்தில் கோட்டின் முதுகு ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது.

கைதட்டல் வந்ததும் சார் பழக்கத்தில் தலையைக் குனிந்து வணங்கப் பார்த்தார். வணங்க வேண்டியது தான் இல்லை என்பது பாதியில் நினைவு வந்து, அவசரமாகக் கைதட்ட ஆரம்பித்தார். எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் அவர் பக்கம் சாய்ந்து ஆங்கிலத்தில் கேட்டார். "ரொம்ப நன்றாகப் பாடினார்கள். உங்களுக்கு அவர்களில் யாராவது சொந்தமா?"

சார் மேடையைப் பார்த்தார்.

"இல்லையம்மா. அவர்களோடு ஒரே பஸ்ஸில் வந்தேன்" என்றார்.

அடுத்த பாட்டுக்காகக் கயல்விழி மூச்சை இழுத்தாள். அந்த அம்மாள் இன்னும் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். சார் உதட்டில் விரலை வைத்து, மேடையைக் காட்டினார்.